கட்டேறும் கார்

எங்களுக்கு ஒரு கார் வேண்டும் என்ற எண்ணம் வந்த நேரத்தில் நான் ஓர் ஓட்டோவைப் பின்னால் நின்று தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வயல் மட்டத்திலிருந்து குளக்கட்டுக்கு ஏறுகிற கிரவல் பாதை அது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தே கட்டுக்கு ஏறிவிட்டாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“யானை,” என்றாள். கத்தவில்லை. சாப்பிட வரச் சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

குளத்தோரப் புல்லுக்குள் ஒரு தனியன். கூட்டமாக வருகிற யானைகளுக்கு எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. தனியாகத் திரிகிற ஆண் யானையென்றால் கதை வேறு. அது எங்களைப் பார்த்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஓட்டோக்கார அண்ணை எஞ்சினை முறுக்கினார். ஓட்டோ உறுமியது, புகைத்தது, ஒரு முழம் ஏறி அரை முழம் சறுக்கியது.

“சத்தம் போடாதேங்கோ அண்ணை.”

“சத்தம் போடாமல் எப்பிடித் தங்கச்சி ஏத்திறது? இதென்ன சைக்கிளே?”

யானை தன்பாட்டில் திரும்பிக் காட்டுக்குள் போனது. ஓட்டோவும் ஒருவழியாக மேலே ஏறியது. ஆனால் அதற்கு முன் கொஞ்ச நேரம், என் தோள் ஓட்டோவில் இருக்க, கண் அக்காவின் முதுகில் இருக்க, அவளுக்கும் அந்தக் காதுகளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததே, அப்போதுதான் அது தோன்றியது. இந்த எஞ்சினுக்கு இழுவை காணாது. இழுவை போதுமான ஒன்று எங்கள் வளவில் நிற்க வேண்டும். அதை நான் ஓட்ட வேண்டும்.

அன்று நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது அக்காவின் தலையிடிக்காக. மதியத்திலிருந்து கண்ணும் மங்குகிறது என்றாள். பிறஷர் ஏறியிருந்தது. மருந்து கொடுத்து, படுக்க வைத்துப் பார்த்து, அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள். விடும்போது டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: தலையிடி வந்தால், கண் மங்கினால், வயிற்றில் மேல்பக்கம் நோவு வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ, உடனே கொண்டுவாங்கோ. அவர் “உடனே” என்று சொன்னதும் எனக்குக் கட்டுப் பாதைதான் கண்ணில் தெரிந்தது.

எங்கள் குடியேற்றம் மல்லாவியிலிருந்து உள்ளே இருக்கிறது. வெளியே வர இரண்டு வழி. ஒன்று, குளத்து மேலதிகத் தண்ணீர் வழிந்தோடுகிற வானைக் கடந்துவரும் தாழ்வான ரோட்டு. மற்றது கட்டுப் பாதை, ஆஸ்பத்திரிக்கு அதுதான் கிட்ட வழி. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தாழ்வான ரோட்டின்மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும். அம்புலன்ஸுக்கு அடித்தால் வரும். ஆனால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரைக்கும்தான் வரும். மிச்சத் தூரம் எங்கள் பொறுப்பு. அக்காவுக்கு நாள் குறித்திருந்தது நடு மாரியில். அத்தான் கட்டாரில் வேலையில். அப்பாவுக்கு லாண்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு மெசின் மட்டும்தான் ஓடத் தெரியும்.

“அதிலையே ஏத்திக்கொண்டு போகலாம். அதுக்கு இருக்கிற இழுவை எந்தக் காருக்கு இருக்கு?” என்றார் அப்பா.

“பிறஷர் உள்ள பிள்ளைத்தாச்சியைப் பின்பெட்டியிலை போட்டுக் குலுக்கிக்கொண்டு போறதோ அப்பா?”

“நீ பிறந்தது அப்பிடிப் போய்த்தான்.”

“அதுதான் இவள் இப்பிடி,” என்றாள் அக்கா.

கடைசி மாதத்தில் அக்காவை நெளுக்குளத்தில் மாமி வீட்டில் விடுவது என்று ஏற்கனவே பேச்சு இருந்தது. அங்கிருந்தால் வவுனியா ஆஸ்பத்திரி கிட்ட. ஆனால் அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். தவணைப் பரீட்சை முடியாமல் அசையமாட்டேன் என்றாள். அதற்கு முன்பே ஏதும் வந்துவிட்டால்? இந்தக் கேள்வியை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலம். பயம் வந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது, எதையாவது தேடிப் படிக்க வேண்டும். கார்களைப் படித்தேன். பெரிய வாகனம் சரிவராது என்பது முதலிலேயே தெளிவு. வசதி இல்லை என்பது ஒரு பக்கம். கட்டுப் பாதையின் அகலம் ஓர் உழவு மெசினுக்குத்தான் கணக்கு, ஒரு பக்கம் குளம், மறுபக்கம் சரிவு. ஆகவே சின்னக் கார். ஆனால் சின்னக் காருக்குள் சின்ன எஞ்சின். அங்கேதான் என் நித்திரை போனது.

வீடியோக்களில் பேசுகிறவர்கள் குதிரை வலுவைப் பற்றியே பேசினார்கள். அந்தக் குதிரைகள் எல்லாம் எஞ்சின் உச்சத்தில் சுழலும்போதுதான் வெளியே வரும். பாரத்தோடு ஊர்ந்து ஏறுகிற நேரத்தில் எஞ்சின் மெதுவாகத்தான் சுழலும். அந்த மெதுவில் சில்லைத் திருப்புகிற பலம் எவ்வளவு என்பதுதான் எங்களுடைய கேள்வி. அதை அவர்கள் டோர்க் என்றார்கள், அப்பா இழுவை என்றார். ஏசி போட்டால் சின்ன எஞ்சினின் இழுவையில் ஒரு பங்கை அது தின்றுவிடும் என்றும் படித்தேன். அன்றிலிருந்து ரோட்டில் போகிற ஒவ்வொரு சின்னக் காரையும் அதற்குள் எத்தனை பேர், கண்ணாடி பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். அம்மா பஸ்ஸில் என் கையைக் கிள்ளினா. “பொடியன்களைப் பாக்கிறாய் எண்டு சனம் நினைக்கப் போகுது.”

நெளுக்குளத்து மாமா ஒரு தரகரைக் காட்டிவிட்டார். தரகரிடம் வெள்ளை நிறத்தில் ஒரு ஜப்பான் கார், அறுநூற்றறுபது சிசி, கியர் மாற்றத் தேவையில்லாதது. உள்ளே புதுக் கார் வாசம். நான் ஓட, அவர் பக்கத்தில் இருந்தார். நேர் ரோட்டில் அது வழுக்கிக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எப்பிடித் தங்கச்சி? எஞ்சின் சின்னன் எண்டு நம்புவீங்களே?”

“ஏத்தத்திலை எப்பிடி அண்ணை?”

“வன்னியிலை எங்கை தங்கச்சி ஏத்தம்?”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வன்னி உள்ளங்கை மாதிரித் தட்டை. எங்கள் ஆட்கள் வந்த யாழ்ப்பாணம் அதைவிடத் தட்டை. எங்கள் பரம்பரையிலேயே மேட்டில் வாகனம் ஓடியவர் ஒருவரும் இல்லை. எனக்கு லைசன்ஸ் எடுத்துத் தந்தவர்களுடைய ரோட்டிலும் மேடு கிடையாது. ஹாண்ட் பிரேக் என்பது காரை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறபோது இழுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“எங்கடை குளக்கட்டு இருக்குது அண்ணை. அதிலை ஏறினால் எடுப்பம்.”

அவர் சிரித்தார். அடுத்த கிழமை மல்லாவிச் சந்தைப் பக்கம் வேறொருவருக்குக் காட்டக் கொண்டுவருகிறேன், அப்படியே உங்கடை இமயமலையையும் பார்ப்பம் என்றார்.

ஆள் சொன்னபடி வந்தார். காலை நேரம், வானம் வெளித்திருந்தது, மழை இன்னும் தொடங்கவில்லை. நான் திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். தனியாக ஏற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அன்றைக்கு யார் யார் இருப்போமோ அந்தப் பாரத்தோடு ஏற்ற வேண்டும். அப்பா முன்னால், அம்மா பின்னால். அக்காவை ஏற்றக் கூடாது, ஆகவே அவளுக்குப் பதிலாக நெல் மூட்டை. அப்பாவும் தரகரும் இரண்டு மூட்டைகளைத் தூக்கிப் பின் சீற்றில் வைத்தார்கள். நான் சீற் பெல்ற்றைக் கொண்டு அவற்றைக் கட்டினேன்.

“எடியே, நான் ரெண்டு மூட்டையோ?” என்றாள் அக்கா.

“பிள்ளையோடை சேத்து.”

“பிள்ளை என்ன உரமூட்டையே?”

அம்மா வீட்டிலிருந்து கதிரை ஒன்று கொண்டுவந்து, அக்கா வெயிலில் நிற்காமல் இருந்து பார்க்கட்டும் என்று ஒரு மருதமரத்து நிழலில் வைத்தா. அந்த நிழல் ஏற்றம் தொடங்குகிற இடத்தில், காருக்கு நேர் பின்னால் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் நின்றோம். படித்த நான் நின்றேன், வாகனத்திலேயே பிழைக்கிற தரகர் நின்றார். ஏற்றத்தில் போகிற ஒன்று திரும்பி வரும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டை நிலத்து ஆட்களுக்கு வாகனம் என்றால் முன்னுக்குப் போகும், இல்லையென்றால் நிற்கும். மூன்றாவதாக ஒன்றை நாங்கள் கண்டதில்லை.

தரகர் பாதையோரமாக ஒதுங்கி நிற்க, மிதித்தேன். முதல் பாதி நல்லாகத்தான் போனது. நடுவில் எஞ்சினின் குரல் உயர்ந்தது, கார் மெதுவானது. இன்னும் மிதித்தேன். குரல் இன்னும் உயர்ந்தது, கார் இன்னும் மெதுவானது. அப்பா, “குடு, குடு” என்றார். குடுக்க என் காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. முன் சில்லு கிரவலைக் கிண்டி எறிகிற சத்தம் கேட்டது. நான் பதறிக் காலை எடுத்தேன். எடுத்ததுதான்.

கார் பின்னால் போகத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். சில்லு நின்றது, கார் நிற்கவில்லை. பூட்டின சில்லோடு கிரவலின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அம்மா “பிள்ளையாரே” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடி நிறைய அக்கா.

கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயற்சி செய்துகொண்டிருந்தாள். வயிற்றோடு எழும்ப அவளுக்கு நேரமெடுக்கும். முதலில் முன்னுக்கு நகர வேண்டும், பிறகு கையை ஊன்ற வேண்டும், பிறகுதான் எழும்ப வேண்டும். அதை நான் வீட்டில் எத்தனையோ தரம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது கண்ணாடிக்குள் அவள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்ரேறிங்கை எந்தப் பக்கம் வெட்டினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கார் சரிந்து, பின்பக்கம் துருசு வாய்க்கால் பக்கமாகத் திரும்பி, வாய்க்கால் கரையில் ஏதோ ஒன்றில் இடிபட்டு நின்றது. வயலுக்குத் தண்ணீர் விடுகிற அந்த வாய்க்கால் ஓர் ஆள் ஆழம். ஒரு சில்லு அதற்கு மேலே அந்தரத்தில். அக்காவின் கதிரை விழுந்து கிடந்தது. அவள் பக்கத்தில் மருதமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா இறங்கிப் போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து சில்லுக்குக் கீழே வைத்தார். தரகர் காரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். அம்மா இறங்க மறுத்துவிட்டா. மூட்டை ஒன்று அவாவின் மடியில் சாய்ந்திருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“என்னைக் காப்பாத்த வாங்கிற காரோ இது?”

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பின்னேரம் மருத்துவமாது வந்து பிறஷர் பார்த்தபோது அது ஏறித்தான் இருந்தது. எதனால் ஏறியது என்று அவா கேட்டா. அப்பா, “வெயில்” என்றார்.

அதற்குப் பிறகு பல நாள் நான் கார்களைத் தேடவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடி. எஞ்சினுக்கு இழுவை காணாமல் போனதா, எனக்குத்தான் ஓடத் தெரியாமல் போனதா என்று பிரித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. எஞ்சின் என்றால் வேறு எஞ்சின் வாங்கலாம். நான் என்றால் என்ன செய்வது? மாரிக்கு வேறு சாரதி எங்கே போய் எடுப்பது?

பிறகு ஒரு காலையில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டுமேதான். அந்தச் சின்ன எஞ்சின் நாலு பேர் பாரத்தோடு நடு ஏற்றத்தில் மூச்சுத் திணறியது உண்மை. நான் காலை எடுத்ததும் உண்மை. அதோடு மூன்றாவது ஒன்றும் இருந்தது, அதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை, பிறகு நானாகத்தான் கண்டுபிடித்தேன். இந்தச் சின்னக் கார்களில் இழுக்கிற சில்லு முன் சில்லு. பாரமெல்லாம் பின்னால் இருந்தால் ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகிவிடும். லேசான சில்லு பிடிக்காது, கிண்டும். மூட்டைகளை நான் பிழையான சீற்றில் கட்டியிருந்தேன். அக்கா முன்னால்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கார் தண்ணீரூற்றில் ஒரு ஆசிரியரிடம் இருந்தது. ஆயிரம் சிசி, கியர் மாற்றுவது, மங்கின சிவப்பு, ஒரு கதவு உள்ளேயிருந்து திறக்காது. வாசமெல்லாம் இல்லை. நான் ஏசியைப் போட்டும் நிற்பாட்டியும் ஓடிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் வேகத்தை நல்லாகக் குறைத்துவிட்டு மிதித்துப் பார்த்தேன், திணறாமல் இழுத்தது. கடைசியாக அங்கே ஒரு மதகு மேட்டில் நிற்பாட்டி, நின்ற நிலையிலிருந்து எடுக்கப் பார்த்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பவும் எடுத்தேன், திரும்பவும் நின்றது. ஆசிரியர், “தங்கச்சி கார் பழகிறீங்களோ, வாங்கிறீங்களோ?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான், சேர்,” என்றேன்.

எடுத்துக்கொண்டு வருகிற அன்று மாங்குளத்தில் மல்லாவிப் பக்கம் போகாமல் ஏ ஒன்பது ரோட்டால் முறிகண்டிக்குப் போக வைத்தா அம்மா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கி, நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தோம். ஏ ஒன்பதில் பின்னால் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தபடியே வந்தது. அம்மா வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தா.

எங்கள் வயல் மதகடியில் தினமும் பழகினேன். ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு கிளச்சை மெல்ல விட வேண்டும். ஓர் இடத்தில் காரின் மூக்கு சாடையாக எழும்பும், கயிற்றை இழுக்கிற மாடு மாதிரி. அப்போது ஹாண்ட் பிரேக்கை விட்டால் கார் பின்னால் போகாது. அந்த ஓர் இடத்தைக் காலால் அறிவதற்குள் எனக்குக் குதிக்கால் நொந்துவிட்டது. பிறகு கட்டு. மூட்டைகள் முன் சீற்றில், அப்பாவும் அம்மாவும் பின்னால். கதிரை இந்தத் தடவை வீட்டு விறாந்தையில், அக்காவோடு. கார் ஏறியது. வேண்டுமென்றே நடுவில் நிற்பாட்டி, திரும்ப எடுத்தேன். அதற்கும் ஏறியது. மேலே போய் எஞ்சினை நிற்பாட்டினேன். பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு கதிரை இருக்கிறதா என்று தேடினேன்.

அது காய்ந்த கட்டு.

போன கிழமை மழை தொடங்கியது. விட்டு விட்டுப் பெய்கிறது. கிரவலுக்குள் இருந்த மண் கரைந்து பாதை சவர்க்காரம் பூசியது மாதிரி இருக்கிறது. வான் இன்னும் பாயவில்லை, ஆனால் கிட்டடிதான், தண்ணீர் வானின் விளிம்புக்கு வந்துவிட்டது. அக்காவின் கால் வீங்கியிருக்கிறது. நேற்று அவள் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கேட்டால் வெளிச்சம் காணாது என்றாள்.

நேற்றுப் பின்னேரம் குசினிக்குள் இருந்து கதைத்துத் தீர்மானித்தோம். இன்றைக்கு மழை விடும் இடைவெளியில் ஈரக் கட்டில் ஏற்றிப் பார்ப்பது. ஏறினால் பரீட்சை முடியும்வரை அக்கா இங்கே இருக்கலாம். ஏறாவிட்டால் நாளைக் காலையிலேயே, வான் பாய முதல், தாழ்வான ரோட்டால் அவளை நெளுக்குளத்துக்குக் கொண்டுபோகிறோம். பரீட்சை அவள் இல்லாமல் நடக்கட்டும்.

“நீ வேணுமெண்டு ஏத்தாமல் விட்டாலும் விடுவாய்,” என்றாள் அக்கா.

“ஓம்,” என்றேன். அப்படியும் ஓர் எண்ணம் எனக்கு இருந்ததை அவள் எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது.

“விடாதை. உண்மையா ஓடு. எனக்குத் தெரியவேணும்.”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூரையில் சத்தம் குறைந்துவிட்டது. அப்பா முற்றத்தில் இரண்டு பெரிய கல்லை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். காருக்குப் பின்னால் வராமல் பக்கத்தால் நடந்து வருவது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மூட்டைகள் முன் சீற்றில் ஏறிவிட்டன. ரயர் காற்றைச் சற்றுக் குறைத்து விட்டிருக்கிறேன், மண்ணை அகலமாகப் பிடிக்கட்டும் என்று. ஏசி நிற்பாட்டியிருக்கும். முதல் கியர். மூக்கு எழும்புகிற இடம் வரும்வரை ஹாண்ட் பிரேக். பிறகு, எஞ்சின் என்ன கத்துக் கத்தினாலும், சில்லு கிண்டினாலும், நடுவில் காலை எடுக்காமல் இருக்கப் பார்க்கப் போகிறேன்.